என்னைப் பிடித்துத் தொங்கிய ஜன்னல்கள்

டேட்டா என்ட்ரி வேலைக்கு வந்தால் முதல் மாதம் முதுகு வலிக்கும், ஆறாம் மாதம் கண் எரியும், ஆனால் முதல் நாளிலிருந்தே "உனக்கு அனுமதி இல்லை" என்று மெஷின் சொல்லத் தொடங்கிவிடும்.

இதை வாசிக்கிற அக்காமாரே, தங்கச்சிமாரே, நீங்களும் கீபோர்டுக்கு முன்னால் கால் மரத்துப்போய் உட்கார்ந்தவர்களாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கண்டி டவுனில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபிஸ். தேயிலைத் தோட்டங்களில் பிறப்புப் பதியாமல் விட்ட ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் அடையாள அட்டை கிடையாது. அட்டை இல்லாவிட்டால் இந்தச் சண்டை வருசங்களில் ஆமிக்காரர் மறிக்கிற ஒரு செக்பொயின்டையும் தாண்ட முடியாது. கலஹா, மடுல்கெல்ல, ஹந்தானைத் தோட்டங்களின் பழைய பேர்ப் புத்தகங்களைப் பார்த்து, இன்னார் இன்ன தாய்க்கு இன்ன லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர் என்று கம்ப்யூட்டரில் ஏற்றி, உறுதிக் கடிதம் அடித்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய் அரசாங்கத்தின் நடமாடும் சேவையில் காட்டினால் பதிந்துகொள்வார்கள். நடமாடும் சேவை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு தடவை தவறவிட்டால் அடுத்தது எந்த வருசமோ.

நான் ஹந்தானை மேல்டிவிசனைச் சேர்ந்தவள். எட்டாம் வகுப்போடு நின்றேன். சேர்ச் மண்டபத்தில் ஓசியாக நடந்த டைப்பிங் வகுப்பிலிருந்து என்னைக் கூட்டிவந்தவர் எங்கள் மெனேஜர் யோகம் மிஸ். யாழ்ப்பாணத்து ஆள். சேர்ந்த அன்றைக்கு அடையாள அட்டையைக் குறித்து, "ஐ.சி. இருக்குத்தானே பிள்ளை?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில் ஒரு ஆட்டு. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு ஒரு ஆபிஸ் பாஸ் அடித்துத் தந்தார். அதைக் காட்டித்தான் ஹந்தானை ரோட்டடிச் செக்பொயின்டைத் தினமும் தாண்டிக்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் கடிதம் அடிக்கிற எனக்கே அட்டை இல்லை. மகளுக்கு அப்போது ஒன்றரை வயசு. காலையில் தோட்டத்தில் பிள்ளை பார்க்கிற பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வருவேன். பாஸ் போனால் வேலை போகும். தலையாட்டியது பொய் என்று தெரிந்தாலும் வேலை போகும். அப்படி ஒரு நிலைமையில்தான் இந்தக் கதையெல்லாம் நடந்தது.

ஜன்னல் வைத்த கதை

எங்கள் டேட்டாபேஸைக் கட்டியவர் ரிஸ்வான் நானா. முஸ்லிம் ஆட்களை அண்ணன் என்று கூப்பிடுவது அப்படித்தான். கட்டுகஸ்தோட்டையில் வீடு. வேறு ஒரு கம்பனியிலும் வேலை செய்வதால் எங்களிடம் செவ்வாயும் வியாழனும் மட்டும் வருவார். டேபிள் எல்லாம் அவர் பேரில் இருந்தது. நாங்கள் அதைப் பார்ப்பதற்கு அவர் 'கிராண்ட்' என்று ஒரு கட்டளை போட்டு அனுமதி தர வேண்டும். திரும்ப வாங்குவதற்கு 'ரிவோக்'. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். அதனால் அவர் சொல்லச் சொல்ல எல்லாக் கட்டளையையும் தமிழ் எழுத்திலேயே ஒரு தடித்த சி.ஆர். நோட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். 'வியூ' என்றால் என்ன என்று கேட்க வெட்கப்பட்டு நான் முழித்ததைப் பார்த்து அவரே சொன்னார்: "தங்கச்சி, டேபிள் எண்டா பெரிய காம்பரா. எல்லாருக்கும் கதவ தொறந்து உட ஏலா. அதுக்கு ஒரு ஜன்னல் வெக்கிறம். ஜன்னலால தெரியிறது மட்டுந்தான் தெரியும். ஜன்னலுக்குள்ள சொந்தமா ஒரு சாமானும் ஈக்காது."

எனக்கு அது பிடித்துவிட்டது. கலஹாவுக்கு ஒரு ஜன்னல், மடுல்கெல்லவுக்கு ஒன்று, தாய்மார் மட்டும் தெரிகிற ஒன்று, அந்த வாரம் கடிதம் அடிக்க வேண்டியவர்கள் மட்டும் தெரிகிற ஒன்று என்று வைத்துக்கொண்டே போனேன். தான் வராத நாட்களில் வேலை நிற்கக்கூடாது என்று நானா எனக்குத் தந்த அனுமதியை மற்றவர்களுக்கும் கொடுக்கலாம் என்ற உரிமையோடு தந்திருந்தார். அங்கேதான் நான் பிழை விட்டேன். யாராவது "எனக்குத் திறக்குதில்லையே" என்று வந்து நின்றால், நானாவுக்குப் போன் எடுத்துப் பேச வேண்டுமே என்ற கூச்சத்தில் என் கையிலிருந்தே கொடுத்துவிடுவேன். கடிதம் அடிக்கிற நிலுஷாவுக்குக் கொடுத்தேன். பேராதனைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை, எனக்கு நல்ல சிநேகிதி. அவள் கடிதம் அடிக்கிற படிவத்தை என் ஜன்னலுக்கு மேலேயே கட்டிக்கொண்டாள். தற்காலிகமாக வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். மிஸ்ஸுக்கும் கொடுத்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை நானா வந்து யார் யாருக்கு யார் கொடுத்தது என்ற பட்டியலை எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"குடுக்கலாம் எண்டு சென்னதுக்கு இப்பிடியா தங்கச்சி? ஆபிஸ் முழுக்க ஒங்கட முந்தானைய புடிச்சிட்டுத் தொங்குது!"

மிஸ்ஸின் விரல்

யோகம் மிஸ்ஸுக்குக் கோபம் வந்தால் விரல் டிலீட்டுக்குப் போகும். ஒரே பேர் இரண்டு தடவை ஏறியிருந்தால் ஒன்றை அழிப்பதற்குப் பதிலாக இரண்டையும் அழித்துவிடுவார். பிறகு அவரே வருத்தப்படுவார். ஒருநாள் கலஹாவில் ஒரு முழுக் குடும்பத்தைக் காணவில்லை. அவரே ரிஸ்வான் நானாவைக் கூப்பிட்டு, "தம்பி, என்ர டிலீட்டைப் பிடுங்கிவிடும்" என்றார். நானா அவர் கண் முன்னாலேயே ரிவோக் போட்டார். எல்லாருக்கும் நிம்மதி.

வியாழக்கிழமை இன்னொரு குடும்பம் காணாமல் போனது. நானா நம்பவில்லை. பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் விளங்கியது. அதே அனுமதியை அவர் ஒரு பக்கத்தால் கொடுத்திருந்தார், நான் இன்னொரு பக்கத்தால் கொடுத்திருந்தேன். இரண்டு பேர் கொடுத்ததில் ஒருவர் வாங்கிக்கொண்டால் மற்றவர் கொடுத்தது அப்படியே இருக்குமாம். நானா எடுத்தது தன்னுடையதை மட்டும். நான் கொடுத்ததை நான்தான் எடுக்க வேண்டும், அல்லது என்னிடமிருந்தே எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். மெனேஜரிடமிருந்து ஒன்றைப் பிடுங்குவதா என்று எனக்குக் கை வரவில்லை. கீபோர்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மிஸ் என் கதிரையைத் தானே இழுத்துப் போட்டு உட்கார வைத்தார்.

"நீர் தந்ததையும் வாங்கும் பிள்ளை. ரெண்டு பேர் செல்லம் குடுத்தால் பிள்ளை கெட்டுப்போகும் எண்டு உமக்குத் தெரியாதே?"

தாய் இல்லாத ஏழு பேர்

பிள்ளைகளைப் பதிகிற டேபிள் ஒன்றை நானே என் பேரில் செய்திருந்தேன். ஒரு பிள்ளையை ஏற்ற வேண்டுமென்றால் அதன் தாயின் இலக்கம் நானாவின் தாய்மார் டேபிளில் இருந்தே ஆக வேண்டும். இல்லாத தாயின் இலக்கத்தைப் போட்டால் மெஷின் ஏற்காது. அப்படி ஒரு கட்டு போடுவதற்கு, அவருடைய டேபிளைச் சுட்டிக்காட்டலாம் என்ற தனி அனுமதி ஒன்றை எனக்குத் தந்திருந்தார். மிஸ்ஸின் விரல் விவகாரத்துக்குப் பிறகு நானா வீடு கூட்டுகிற மாதிரித் தேவையில்லாத அனுமதிகளை எல்லாம் கூட்டித் தள்ளினார். அதோடு இந்த அனுமதியும் போனது. அனுமதி போனதும் அதை நம்பியிருந்த கட்டும் அவிழ்ந்துவிட்டது. மெஷின் ஒரு சத்தமும் போடவில்லை. உள்ளே இருந்த பிள்ளைகள் அப்படியே இருந்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு எந்த இலக்கத்தைப் போட்டாலும் ஏறியது.

எனக்குத் தெரியாது. என் விரல் தவறினால் மெஷின் திட்டும் என்ற தைரியத்தில்தானே நான் வேகமாக அடிப்பேன்? மூன்று நாள் அடித்தேன். நாலாம் நாள் மடுல்கெல்லவிலிருந்து ஒரு அம்மா கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் மகன் பேர் சரி, லயம் சரி, தாய் என்ற இடம் வெறுமையாக இருந்தது. தேடிப் பார்த்தால் அப்படி ஏழு பிள்ளைகள், எல்லாம் யாருமே இல்லாத இலக்கத்துக்குப் பிறந்த பிள்ளைகள். நான் அழுகிற நிலையில் நிற்கிறேன். அந்த அம்மா என்னைச் சமாதானப்படுத்துகிறார். பை நிறைய வற்றாளைக் கிழங்கு வேறு கொண்டுவந்திருந்தார்.

"அழுவாதீங்கம்மா. பெத்தது நான்தான். வேணும்னா அந்த மெசினுக்கிட்டயே நேருல வந்து சொல்றேன்."

ஒன்றரைப் பக்கம்

டவுனில் குண்டு வெடித்த வாரம் இரண்டு நாள் எல்லாம் பூட்டிக் கிடந்தது. ஆபிஸ் திறந்த செவ்வாய்க்கிழமை கொழும்புத் தலைமை ஆபிஸிலிருந்து ஒரு பெக்ஸ் கடிதம் வந்தது. தற்காலிகமாக வேலை செய்கிற தமிழ் ஆட்களுடைய விவரம் சரிபார்த்து முடியும்வரை அவர்களை சிஸ்டத்திலிருந்து எடுக்க வேண்டும், பாஸையும் திரும்ப வாங்க வேண்டும். மற்றத் தற்காலிகப் பிள்ளைகள் எல்லாம் போய்விட்டதால் எங்கள் ஆபிஸில் அப்படி மிஞ்சியது நான் ஒருத்திதான். மிஸ் அதை இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தச் சனிக்கிழமை நடமாடும் சேவை கண்டிக்கு வருவதாக ஏற்கனவே அறிவித்திருந்தார்கள். அறுபது பேருக்கு மேல் கடிதம் அடிக்க இருந்தது.

ரிஸ்வான் நானா என்னைப் பார்க்காமல் உட்கார்ந்து, என் பேரைப் போட்டு ரிவோக் அடித்தார். கடைசியில் 'ரெஸ்ட்ரிக்ட்' என்ற சொல்லைச் சேர்த்தார். அந்தச் சொல் இருந்தால், அந்த ஆளை நம்பி வேறு ஏதாவது இருக்கும்போது மெஷின் பிடுங்க மாட்டேன் என்று சொல்லும். சொன்னது. "பாருங்க மிஸ், மெஷினே மாட்டேன் எண்டு செல்லுது" என்றார் நானா, ஒன்றும் தெரியாதவர் மாதிரி. பிறகு என்னை நம்பி இருப்பவை என்னென்ன என்று பட்டியல் எடுத்துப் பிரிண்ட் அடித்தார். ஒன்றரைப் பக்கம் வந்தது. நிலுஷாவின் அனுமதி, அவள் கடிதம், கலஹா ஜன்னல், மடுல்கெல்ல ஜன்னல், தாய்மார் ஜன்னல், கணக்கில் வராத குட்டி ஜன்னல்கள். நானா ஒவ்வொன்றாக உரக்க வாசித்தார். எனக்குக் காது சூடாகிப்போனது. கடைசியில் ஒரு பேரில் நின்றார். "இது என்ன தங்கச்சி, 'எங்கட வீடு' எண்டு ஒரு டேபிள்?" நான் "சும்மா நானா" என்றேன்.

மிஸ் அந்த ஒன்றரைப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கொழும்புக்குப் போன் எடுத்தார். பிள்ளையை எடுத்தால் சனிக்கிழமைக் கடிதம் நிற்கும் என்றார். அங்கிருந்து என்ன சொன்னார்களோ, மிஸ்ஸின் முகம் கறுத்துக்கொண்டே போனது. ரெஸ்ட்ரிக்ட்டுக்குப் பதிலாக 'கஸ்கேட்' என்று ஒரு சொல் இருக்கிறது, அதைப் போடச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சொல் போட்டால், ஆளோடு சேர்த்து ஆளை நம்பியிருக்கிறதெல்லாம் சரிந்து விழும். நானா போட்டார். நான் பாஸை மேசையில் வைத்தேன். அப்போது பக்கத்து மேசையிலிருந்து நிலுஷாவின் சத்தம் கேட்டது. அவளுடைய திரை வெறுமையாகிவிட்டது.

"அனே அக்கே, உங்களத்தானே எடுத்தாங்க, நான் ஏன் விழுந்தேன்?"

வீட்டில் மூன்று நாள்

தோட்டத்து ஆள் மேலே ஏறினால் விடுவார்கள், பாஸ் இல்லாமல் இறங்கத்தான் முடியாது. புதன்கிழமை வீட்டிலேயே இருந்தேன். மகளுக்குச் சந்தோசம், பிள்ளைக்காம்பராவுக்குப் போக வேண்டியதில்லை. அவளுக்குச் சோறூட்டிக்கொண்டே கீழே டவுனைப் பார்த்தேன். மலையிலிருந்து பார்த்தால் குளமும் கூரைகளும் அவ்வளவு பக்கத்தில் தெரியும். புதனும் போனால் வியாழன், வெள்ளி, பிறகு சனி. என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அவருக்கு அட்டை இருக்கிறது. பின்னேரம் வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஊருக்கெல்லாம் நீயே அடிச்ச, ஒனக்கு எப்ப அடிக்கப் போற?"

ஹந்தானையில் ஒரு டிக்டேசன்

வியாழக்கிழமை பின்னேரம் மகள் வாசலில் நின்று கத்துகிறாள். எட்டிப் பார்த்தால் நிலுஷா. ஆபிஸ் சாரியை முழங்கால்வரை தூக்கிச் சொருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி லயத்துக்கு ஏறி வருகிறாள். அந்த வாரத்தில் ஒரு சிங்களப் பிள்ளை தனியாக எங்கள் லயத்துக்கு வருவது சின்ன விசயமில்லை. பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். செக்பொயின்டில் அவளை அரை மணித்தியாலம் மறித்து, எதற்கு லயத்துக்குப் போகிறாய் என்று கேட்டார்களாம். ஜன்னல் திருத்த என்று சொன்னாளாம். அப்படியானால் ஆயுதப்பெட்டி எங்கே என்று கேட்டார்களாம். சிங்களத்தில் உளி சுத்தியலுக்கும் ஆயுதம் என்றுதான் சொல்வார்கள், அந்தச் சாமான் பெட்டியைத்தான் அவன் கேட்டானாம். அவளுக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்ததாம்.

விசயம் இதுதான். காலையில் ரிஸ்வான் நானா வந்து நிலுஷாவுக்கு நேரடியாகவே கிராண்ட் போட்டுவிட்டார். அனுமதி வந்துவிட்டது. ஆனால் விழுந்த ஜன்னல்கள் எழும்பவில்லை. கொடுத்ததைத் திரும்பக் கொடுத்தால் அனுமதி மட்டும்தான் வரும். அதைப் பிடித்துத் தொங்கியவை போனது போனதுதான், ஒவ்வொன்றாகப் புதிதாகக் கட்ட வேண்டும். எப்படிக் கட்டியிருந்தேன் என்பது நானாவுக்கே தெரியாது. என் சி.ஆர். கொப்பியில்தான் இருந்தது, அதுவும் தமிழ் எழுத்தில். நிலுஷாவுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. எனக்கு இங்கிலீஷ் எழுத வராது. ஆகவே நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு "கிரியேட் வியூ" என்று வாசிக்க, அவள் எங்கள் அரிசிப் பெட்டிக்கு மேல் தாளை வைத்து இங்கிலீஷில் எழுதினாள். முதலில் தாய்மார் ஜன்னல், பிறகு பிள்ளைகள், அதற்குப் பிறகுதான் கடிதம். ஒழுங்கு மாறினால் ஒன்றும் நிற்காது. "இந்தத் தடவை எல்லாத்தையும் ஒன் பேருல கட்டு. என்னைய நம்பி ஒண்ணையும் வைக்காத" என்றேன். அவள் தலையாட்டினாள்.

கடிதம் அடிக்கிற ஜன்னலுக்கு வந்தோம். அதில் கடைசி வரியை நான் வாசிக்காமல் கொப்பியை மூடினேன். அவள் விடவில்லை. நான் வாசிக்கும்போதெல்லாம் விரல் வைத்துக்கொண்டே வந்ததால், இன்னும் ஒரு வரி மிச்சம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கேட்டாள். சொல்லத்தான் வேண்டியிருந்தது. எல்லாரும் இருக்கிற டேபிளில் என் பேரைப் போட்டால் மிஸ் பார்த்துவிடுவார் என்று பயந்து, 'எங்கட வீடு' என்று ஒரு டேபிளைத் தனியாக ஒளித்து வைத்து, அதில் என்னை மட்டும் ஏற்றி, அதைக் கடித ஜன்னலின் கடைசியில் ஒட்டவைத்திருந்தேன். சனிக்கிழமைக்கான கட்டோடு கட்டாக என் கடிதமும் வெளியே வந்துவிடும், யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் என் திட்டம். நிலுஷா பேனையை எடுத்து அந்தத் தாளின் அடியில் என் பேரை எழுதினாள்.

"அந்த ஒளிச்சு வச்ச டேபிள் வேண்டாம் அக்கே. எல்லாரும் இருக்கிற டேபிள்ல, எல்லாருக்கும் நடுவுல போடுறேன். மிஸ் பார்க்கட்டும்."

சனிக்கிழமை

வெள்ளிக்கிழமை முழுக்க ஒரு தகவலும் இல்லை. கடிதம் வந்ததா, ஜன்னல் நின்றதா, மிஸ் என் பேரைப் பார்த்தாரா, ஒன்றும் தெரியாது. சனிக்கிழமை காலையில் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வருகிறது வரட்டும் என்று செக்பொயின்டுக்கு இருபது அடி தள்ளி வந்து நின்றேன். அங்காலே மடுல்கெல்லக்காரர்களை ஏற்றிய லொறி ஒன்று போனது. ஒவ்வொருவர் கையிலும் கடிதம். அப்பாடா, ஜன்னல் நின்றிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். பிறகு ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. யோகம் மிஸ் இறங்கினார். கையில் ஒரு தாள். தடைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே ஆமிக்காரனுக்குச் சிங்களத்தில் சொல்லி அதை என்னிடம் கொடுப்பித்தார். என் பேர், என் லயம், என் தாயின் பேர், எல்லாம் சரியாக இருந்தது. அடியில் மிஸ்ஸின் கையெழுத்து.

ஆமிக்காரன் ஒரு வருசமாக என்னைத் தினமும் பார்க்கிறவன். கடிதத்தைச் சிங்களத்தில் அடித்திருந்த பக்கம் திருப்பி மெதுவாக வாசித்தான். என்னைப் பார்த்தான், திரும்பத் தாளைப் பார்த்தான். இத்தனை நாள் எப்படிப் போனாய் என்று கேட்பான் என்று நினைத்தேன். அவன் தடையைத் தூக்கிக்கொண்டே, நங்கி, அதாவது தங்கச்சி என்று கூப்பிட்டு, சிங்களத்தில் சொன்னான்.

"அப்போ நங்கி இன்றைக்குத்தான் பிறந்திருக்கிறீர்கள்."

த்ரீவீலருக்குள்

மிஸ் ஏதாவது சொல்வார் என்று தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். குளத்தைச் சுற்றிப் பாதி தூரம் வந்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார். நானே ஆரம்பித்தேன். "மிஸ், அன்னைக்கு நீங்க ஐ.சி. இருக்கான்னு கேட்டப்ப நான்..." என்றேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டே என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் நீர் தலையை எப்பிடி ஆட்டினனீர் எண்டு. வாயைத் திறந்தால் முத்துக் கொட்டிடும் எண்டு ஒரு வருசம் இருந்திருக்கிறீர், லூசுப் பிள்ளை!"

திரும்பக் கிடைத்தது

கொழும்பு என்னைச் சரிபார்த்து முடிக்க ஏழு வாரம் எடுத்தது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை ரிஸ்வான் நானா எனக்குப் புதிதாக கிராண்ட் போட்டார். இந்தத் தடவை பார்க்கலாம், எழுதலாம். மற்றவருக்குக் கொடுக்க முடியாது. அதை அவர் கேலியாகச் சொன்னார், எனக்கும் அதுதான் நிம்மதி. ஆனால் ஜன்னல்கள் எல்லாம் இப்போது நிலுஷாவின் பேரில். நான் எதையாவது பார்க்க வேண்டுமென்றால் அவள் தர வேண்டும். அவளுக்கோ குருநாகலில் கலியாணம் பேசியாகிவிட்டது. அவள் போனால் அவள் பேரை எடுப்பார்கள், அவளோடு ஆபிஸ் முழுக்க விழும். நானா இப்போதே அவளைப் பார்த்தால் சலாம் போடுகிறார். நான் என் பயத்தைச் சொன்னதும் அவள் சிரித்துச் சிரித்து என் தோளில் சாய்ந்தாள்.

"பயப்படாதீங்க அக்கே, போற நேரம் மாப்பிள்ளைய வேணும்னா விட்டுட்டுப் போறேன், ஜன்னலையெல்லாம் உங்க பேருல எழுதிட்டுத்தான் போவேன்."

என் அடையாள அட்டை வந்து நாலு மாதமாகிறது. அது தொலைந்தால் எதெல்லாம் விழும் என்று நன்றாகத் தெரிந்தவள் என்பதால் அதை அலுமாரியில் பூட்டிவைத்துவிட்டு போட்டோக் கொப்பியைத்தான் கொண்டுபோகிறேன், அந்தக் கொப்பி செல்லாது என்று ஆமிக்காரனும் தினமும் எனக்குச் சொல்லிச் சொல்லியேதான் தடையைத் தூக்குகிறான்.